தோளில் நட்சத்திரம், கையில் ஸ்டெதஸ்கோப்!
(நமது படைத்துறை மருத்துவப் பணி – ஓர் அறிமுகம்)



செஞ்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது என்ன? ராஜகிரி, கிருஷ்ணகிரி, தேசிங்குராஜா, கல்யாண மகால்... இவைதானே! முகலாயப் படை 1690-ல் முற்றுகை போட்டு, 1698-ல்தான் இந்தக் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. அப்பேர்ப்பட்ட கோட்டையை 1750-ல் ஃபிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயரிடம் விட்டார்கள். இதெல்லாம் நாம் அறிந்த சரித்திரம்.

அறியாத சரித்திரம் ஒன்று உண்டு. ஃபிரெஞ்சுக்காரர்கள் இங்கே இருந்த பத்துப் பதினோரு வருஷத்தில் 1,200 ஐரோப்பிய சிப்பாய்கள் இறந்து போனதாகப் பழைய ஆங்கிலேயக் குறிப்புகள் சொல்கின்றன. பீரங்கிக் குண்டு பட்டா செத்தார்கள்? இல்லை நண்பர்களே, நோயில்! "கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடம்" என்று நம்ம ஊருக்குப் பெயரே வைத்துவிட்டான் வெள்ளைக்காரன். எந்தக் காய்ச்சல், எதனால் வருகிறது, யார் மருந்து கொடுப்பது, நோயாளியை எங்கே அனுப்புவது என்று ஒழுங்கான ஏற்பாடு எதுவும் அன்று இல்லை. மதில் எத்தனை அடி அகலமாக இருந்து என்ன? கொசுவுக்கு மதில் ஏது!

ஒரு படைக்கு எதிரி வெளியே மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். அதனால்தான் உலகத்தில் எந்த ராணுவத்தை எடுத்தாலும் துப்பாக்கி தூக்குகிறவர்களுக்குப் பக்கத்திலேயே மருந்துப் பெட்டி தூக்குகிறவர்களும் நிற்கிறார்கள். நம் நாட்டில் அவர்களுடைய அமைப்பு எப்படி, பதவிகள் என்னென்ன, டிப்ளமோ படிக்கிற நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்த வழி

நம்ம சென்னை சென்ட்ரல் எதிரில் இருக்கிறதே, 'ஜி.எச்.' என்று நாம் சொல்லும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை... அது எப்படி ஆரம்பித்தது தெரியுமா? 1664-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயாளிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய சிறிய ஆஸ்பத்திரிதான் அது! பொதுமக்களுக்கு வைத்தியம் என்பது பிற்பாடு வந்ததே.

1764-ல் வங்காளத்தில் கம்பெனியின் மருத்துவப் பணி முறையாக அமைக்கப்பட்டது. சென்னைக்கும் பம்பாய்க்கும் தனித்தனி மருத்துவப் பணிகள் இருந்தன. 1896-ல் மூன்றையும் ஒன்றாக்கி 'இந்தியன் மெடிக்கல் சர்வீஸ்' என்றார்கள். கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்பதற்கு 1897-ல் செகந்திராபாத்தில் ஆதாரம் கண்டுபிடித்து, 1902-ல் நோபல் பரிசு வாங்கினாரே ரொனால்டு ராஸ், அவர் இந்தப் பணியில் இருந்த டாக்டர்தான். 1881-ல் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது சென்னை மாகாணம்! செஞ்சியில் ஃபிரெஞ்சுச் சிப்பாய்கள் செத்து ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் காய்ச்சலின் மர்மம் விளங்கியது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 ஏப்ரல் 3-ஆம் தேதி, தனித்தனியாக இருந்த டாக்டர் பிரிவு, உதவி டாக்டர் பிரிவு, ஆஸ்பத்திரி ஊழியர் பிரிவு மூன்றையும் சேர்த்து ஒரே 'கோர்' ஆக்கினார்கள். அதுவே இன்றைய ஆர்மி மெடிக்கல் கோர், சுருக்கமாக ஏ.எம்.சி. அதன் குறிக்கோள் வாசகம் 'சர்வே சந்து நிராமயா'. அனைவரும் நோயின்றி இருக்கட்டும் என்று பொருள்.

சுதந்திரம் வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனியாக டாக்டர்களை வைத்துக்கொள்வதா, ஒன்றாக வைத்துக்கொள்வதா? இதை ஆராய்ந்தது டாக்டர் பி.சி.ராய் கமிட்டி. (ஜூலை 1-ல் டாக்டர்கள் தினம் கொண்டாடுகிறோமே, அதே பி.சி.ராய்தான்.) கமிட்டியின் யோசனைப்படி 1948-ல் மூன்று படைகளுக்கும் பொதுவான 'படைத்துறை மருத்துவப் பணி' உருவானது. அதே வருஷம் மே 1-ல் புனேயில் ஏ.எஃப்.எம்.சி. என்கிற ராணுவ மருத்துவக் கல்லூரியும் பிறந்தது. அங்கே எம்.பி.பி.எஸ். வகுப்பு 1962-ல் ஆரம்பமானது.

தலை ஒன்று, கை மூன்று

நம்ம காலேஜையே எடுத்துக்குங்களேன். சிவில், மெக்கானிக்கல், இ.இ.இ. என்று டிபார்ட்மெண்ட் பல, எச்.ஓ.டி.க்கள் பலர். ஆனா பிரின்சிபால் ஒருத்தர்தானே! அதே மாதிரிதான் இங்கேயும்.

உச்சியில் இருப்பவர் படைத்துறை மருத்துவப் பணியின் டைரக்டர் ஜெனரல். இவர் தரைப்படைத் தளபதிக்குக் கீழே இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறார். தரைப்படைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மூன்று படைகளில் எதிலிருந்தும் வரலாம். அவருக்குக் கீழே தரை, கடல், வானம் மூன்றுக்கும் தனித்தனி மருத்துவ டைரக்டர் ஜெனரல்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பணியில் மூன்று பெரிய பிரிவுகள்: டாக்டர்களும் மருத்துவ உதவியாளர்களும் இருக்கிற ஆர்மி மெடிக்கல் கோர், 1941-ல் தொடங்கிய பல் மருத்துவப் பிரிவான ஆர்மி டெண்டல் கோர், செவிலியர்களின் மிலிட்டரி நர்சிங் சர்வீஸ்.

பொதுவான பணி என்பதால் ஒரு விசேஷம் உண்டு. டாக்டர் ஒரு படையிலிருந்து இன்னொரு படைக்கு மாறலாம். மாறினால் யூனிஃபார்மும் பதவிப் பெயரும் சேர்ந்தே மாறும்! டாக்டர் புனிதா அரோரா 2004-ல் தரைப்படையில் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவியை எட்டிய முதல் பெண்மணி. அடுத்த வருஷம் கடற்படைக்கு மாறி சர்ஜன் வைஸ் அட்மிரல் ஆனார். டாக்டர் ஆர்த்தி சரீன் மூன்று படைகளின் யூனிஃபார்மையும் போட்டவர். 2024 அக்டோபர் 1-ல் ஒட்டுமொத்தப் பணிக்கும் டைரக்டர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவரே!

தோள்பட்டையைப் படிப்போமா?

பஸ்ஸில் ஒரு மிலிட்டரிக்காரர் வந்தால் 'பெரிய ஆபீசரா, சின்ன ஆபீசரா' என்று நமக்குள் பட்டிமன்றமே நடக்கும். இனிமேல் தோளைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். தரைப்படையில் டாக்டர் ஆபீசர்களின் பதவி வரிசை இதோ:

லெப்டினன்ட் – 2 நட்சத்திரம்
கேப்டன் – 3 நட்சத்திரம்
மேஜர் – அசோகச் சிங்கம்
லெப்டினன்ட் கர்னல் – சிங்கமும் 1 நட்சத்திரமும்
கர்னல் – சிங்கமும் 2 நட்சத்திரமும்
பிரிகேடியர் – சிங்கமும் 3 நட்சத்திரமும்
மேஜர் ஜெனரல் – குறுக்கே வைத்த வாளும் கோலும், 1 நட்சத்திரம்
லெப்டினன்ட் ஜெனரல் – குறுக்கே வைத்த வாளும் கோலும், சிங்கம்

கடற்படையில் பெயருக்கு முன்னால் 'சர்ஜன்' என்று ஒட்டிக்கொள்ளும். சர்ஜன் லெப்டினன்ட், சர்ஜன் லெப்டினன்ட் கமாண்டர், சர்ஜன் கமாண்டர், சர்ஜன் கேப்டன், சர்ஜன் கமோடோர், சர்ஜன் ரியர் அட்மிரல், சர்ஜன் வைஸ் அட்மிரல் என்று ஏறும். இங்கே ஒரு சூட்சுமம்: தரைப்படைக் கேப்டனும் கடற்படைக் கேப்டனும் ஒன்றல்ல! கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். விமானப்படையில் ஃபிளைட் லெப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர், குரூப் கேப்டன், ஏர் கமோடோர், ஏர் வைஸ் மார்ஷல், ஏர் மார்ஷல் என்று போகும்.

ஆபீசர்கள் மட்டும்தானா? அவர்களுக்குக் கீழேதான் இந்தப் பணியின் பெரும்பகுதி இருக்கிறது. சிப்பாய், பிறகு கையில் ஒரு பட்டை போட்ட லான்ஸ் நாயக், இரண்டு பட்டை நாயக், மூன்று பட்டை ஹவில்தார். அதற்கு மேலே ஜே.சி.ஓ. எனப்படும் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். நர்சிங் அசிஸ்டென்ட், ஆம்புலன்ஸ் அசிஸ்டென்ட், ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்தாளுநர் எல்லாம் இந்த வரிசையில் வருபவர்களே.

"இத்தனை படி எதுக்குப்பா? டாக்டர்னா டாக்டர்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் ஆபீசில் இல்லை, போர்முனையில் இருக்கிறது.

அடிபட்டவனின் பயணம்

எல்லையில் ஒரு ஜவானுக்குக் குண்டு பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவனை முதலில் தொடுவது யார்? ஜெனரலா? இல்லை. பெரிய சர்ஜனா? இல்லவே இல்லை. பக்கத்தில் இருக்கும் தோழனும், போர்முனை முதலுதவி பழகிய நர்சிங் அசிஸ்டென்டும்தான். ரத்தத்தை நிறுத்துவது, மூச்சுப் பாதையைச் சரிபார்ப்பது, எலும்பு அசையாமல் கட்டுவது ஆகிய மூன்றும் முதல் சில நிமிஷத்தில் நடந்தாக வேண்டும். பிறகு ஸ்ட்ரெச்சர். சமாதான காலத்தில் பேண்டு வாத்தியம் வாசிக்கிற ஜவான்களே பல பட்டாலியன்களில் போர்க்காலத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறார்கள் என்பது கூடுதல் செய்தி!

அடுத்த நிலை, பட்டாலியனின் முதலுதவி நிலையம். அங்கே ஒரே ஒரு டாக்டர் இருப்பார், பெரும்பாலும் இளம் கேப்டன். உயிரைப் பிடித்து நிறுத்துவது அவர் வேலை. அதற்குப் பின்னால் முன்னணிச் சிகிச்சை நிலையம், பிறகு ஆபரேஷன் செய்யக்கூடிய முன்னணி அறுவைச் சிகிச்சை மையம், அதற்கும் பின்னால் பெரிய ராணுவ ஆஸ்பத்திரிகள். அதற்கு மேலே லக்னோ, கொல்கத்தா, புனே, உதம்பூர், சண்டிமந்திர், பெங்களூரு ஆகிய ஊர்களில் கமாண்ட் ஹாஸ்பிட்டல்கள். கடற்படைக்கு மும்பையில் அஸ்வினி. எல்லாவற்றுக்கும் உச்சியில் டெல்லி ராணுவ ஆஸ்பத்திரி. நம் தமிழ்நாட்டில் சென்னையிலும் நீலகிரி வெலிங்டனிலும் ராணுவ ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

ஒவ்வொரு நிலையிலும் ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். பத்துப் பேர் அடிபட்டு வந்தால் யாரை முதலில் பார்ப்பது? உடனே கவனிக்காவிட்டால் உயிர் போகும் என்பவன் முதலாம் வரிசை, சற்றுப் பொறுக்கலாம் என்பவன் இரண்டாம் வரிசை, காத்திருக்கலாம் என்பவன் மூன்றாம் வரிசை. அங்கே ஜவானா ஆபீசரா என்ற கணக்கு கிடையாது. எதிரி நாட்டுக் காயம்பட்டவனுக்கும் இதே விதிதான். 1949-ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தங்கள் அப்படித்தான் சொல்கின்றன. செஞ்சிலுவைச் சின்னம் போட்ட மருத்துவப் படையினரைத் தாக்கக் கூடாது. அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தாலும் தங்களையும் நோயாளிகளையும் காப்பதற்கு மட்டுமே.

இப்போது புரிகிறதல்லவா? படிகள் இருப்பது சல்யூட் வாங்குவதற்கு அல்ல. 'இந்த இடத்தில் இந்த உயிருக்கு யார் பொறுப்பு' என்ற கேள்விக்கு எந்த நேரத்திலும் ஒரு பெயர் பதிலாக இருக்க வேண்டும், அதற்காகத்தான். காயம்பட்டவன் பின்னால் போகிறான். மருந்தும் ரத்தமும் ஆளும் முன்னால் வருகின்றன. நடுவில் ஒரு படி உடைந்தாலும் சங்கிலி அறுந்துவிடும்!

ரயில் ஓட்டிய மருத்துவப் படை

இந்தச் சங்கிலி எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்கே காட்டியவர் ஒரு தமிழர். பெயர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ். முதல் இனிஷியல் 'ஏ' என்றால் ஆற்காடு! சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1941-ல் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்குடன் பாராசூட்டில் குதித்தார். பாராசூட்டில் குதித்த முதல் இந்திய ராணுவத்தினர் இந்த இருவரே.

1950-ல் கொரியப் போர் மூண்டது. இந்தியா சண்டைக்குப் படை அனுப்பவில்லை. ஒரு மருத்துவப் படையை அனுப்பியது. அதுதான் ரங்கராஜ் தலைமையிலான 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸ் என்றதும் சைரன் வண்டியை நினைத்துவிடாதீர்கள். ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்பது டாக்டர்கள், உதவியாளர்கள், டிரைவர்கள், சமையல்காரர்கள், ஆபரேஷன் கருவிகள் எல்லாம் சேர்ந்த, நகரும் ஆஸ்பத்திரி!

1950 டிசம்பர். சீனப் படை பாய்ந்து வருகிறது. பியாங்யாங் நகரை எல்லோரும் காலி செய்கிறார்கள். கருவிகளை ஏற்றிப் போக வண்டி போதாது. விட்டுவிட்டு ஓடி வரலாம். யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. ஆனால் கருவி இல்லாத மருத்துவப் படை வெறும் கூட்டம்தானே! தேடினார்கள். ஸ்டேஷனில் ஒரு நீராவி ரயில் என்ஜின் அநாதையாக நின்றது. யூனிட்டுக்குள்ளேயே என்ஜின் ஓட்டத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். வரிசையாக நின்று, கைக்குக் கை வாளி மாற்றி, பாய்லருக்குத் தண்ணீர் நிரப்பினார்கள். நெருப்பு மூட்டினார்கள். பாலத்தைத் தகர்ப்பதற்குச் சற்று முன்னால் ரயிலைக் கிளப்பிக்கொண்டு, கருவிகளோடு சியோல் பக்கம் வந்து சேர்ந்தார்கள்!

மெக்கானிக்கல் நண்பர்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்! அன்று அந்த யூனிட்டைக் காப்பாற்றியது ஸ்டெதஸ்கோப் அல்ல, பாய்லர் தெரிந்த கை.

1951 மார்ச் 23-ல் அமெரிக்க பாராசூட் படை முன்சான் என்ற இடத்தில் குதித்தபோது ரங்கராஜும் உடன் குதித்தார். இந்திய மருத்துவக் குழுவில் மொத்தம் 12 பேர்: 5 பேர் ஆபீசர்கள், 7 பேர் மற்ற பதவிக்காரர்கள். இந்தக் கணக்கைக் கவனியுங்கள். ஐந்து டாக்டர் ஆபீசர்களுக்கு ஏழு உதவியாளர்கள்! வானத்திலிருந்து குதிக்கும்போது கேப்டனுக்கும் சிப்பாய்க்கும் பாராசூட் ஒரே அளவுதான். தரையில் இறங்கியதும் அவரவர் படியில் அவரவர் வேலை. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. அந்த யூனிட் 1954 வரை கொரியாவில் பணி செய்துவிட்டு நாடு திரும்பியது.

படி சரியில்லாமல் போனால்...

இந்த அமைப்பில் எல்லாமே நேராக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. மிலிட்டரி நர்சிங் சர்வீஸின் வரலாறு 1888-ல் பம்பாயில் வந்து இறங்கிய ஒரு சில ஆங்கிலேய நர்ஸ்களிலிருந்து ஆரம்பிக்கிறது. இன்று நர்சிங் ஆபீசர்களும் லெப்டினன்ட் முதல் மேஜர் ஜெனரல் வரை உயரலாம். 1976-ல் இந்தப் பணியைச் சேர்ந்த ஜி.ஏ.ராம் அம்மையார்தான் இந்தியத் தரைப்படையின் முதல் பெண் மேஜர் ஜெனரல் ஆனார்.

ஆனால் அதே பணியில் 1977-ல் ஒரு விதி வந்தது: நர்சிங் ஆபீசர் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும்! ஆண் ஆபீசர்களுக்கு இப்படி ஏதும் இல்லை. இந்த விதியால் 1988-ல் வேலை இழந்த ஒரு பெண் லெப்டினன்ட் விடாமல் வழக்கு நடத்தினார். விதி 1995-ல் வாபஸ் ஆனது, வழக்கோ முடியவில்லை. 2024 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் "இது அப்பட்டமான பாலினப் பாகுபாடு" என்ற கருத்தோடு, அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 36 வருஷம்! தோளில் நட்சத்திரம் இருந்தால் மட்டும் போதாது, அந்த நட்சத்திரத்துக்கு உரிய மதிப்பும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

நமக்கு என்ன இருக்கு?

"டாக்டர் கதையெல்லாம் சரி... டிப்ளமோகாரனுக்கு என்னய்யா?" என்று கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன்.

ஒன்று: பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்துவிட்டு இங்கே சேர்ந்த நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். தரைப்படையின் நர்சிங் அசிஸ்டென்ட், கடற்படை, விமானப்படையின் மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆகியவற்றுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

இரண்டு: உங்கள் தம்பியோ நண்பனோ டி.ஃபார்ம். படிக்கிறானா? தரைப்படையில் 'சிப்பாய் ஃபார்மா' என்று தனிப் பிரிவே உண்டு. மாநில ஃபார்மசி கவுன்சிலில் பதிவு செய்திருப்பது அவசியம்.

மூன்று: நம் டிப்ளமோவை வைத்தே 'அக்னிவீர் டெக்னிக்கல்' பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் 2022-ல் வந்த இந்தத் திட்டத்தில் வேலை நான்கு வருஷம். அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். கண்ணைத் திறந்துகொண்டே சேர வேண்டும்.

நான்கு: யூனிஃபார்ம் போடாமலும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகலாம். பெங்களூரில் டி.ஆர்.டி.ஓ.வின் 'டெபெல்' என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. தேஜஸ் விமானத்தில் விமானிக்கு ஆக்ஸிஜன் கொடுப்பதற்காக அவர்கள் உருவாக்கிய தொழில்நுட்பத்தை வைத்துத்தான் 2021 கொரோனா அலையின்போது ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்ஸிஜன் தயாரிக்கும் பிளான்ட்கள் அமைத்தார்கள். டி.ஆர்.டி.ஓ.வில் சீனியர் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பதவிக்கு இன்ஜினியரிங் டிப்ளமோ ஒரு தகுதி. புனேயில் 1944 முதல் இயங்கும் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் காலிழந்த ஜவான்களை நடக்க வைக்கிறது. செயற்கைக் கால் என்பது பாதி மருத்துவம், மீதிப் பாதி ஃபிட்டிங், வெல்டிங், மெட்டீரியல் சயின்ஸ்தானே!

ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவப் பரிசோதனையில் நீங்கள் சந்திக்கப் போவது இந்த மருத்துவப் பணிக்காரர்களைத்தான். 'ஷேப்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மனநிலை, காது, கை கால், பொது உடல்நிலை, கண் என்று ஐந்து. ஐந்திலும் முதல் தரம் என்றால் 'ஷேப் ஒன்'. மற்றவை நம் கையில் இல்லாமல் போகலாம். காதில் ஹெட்போனை அலறவிடாமல் இருப்பது நம் கையில்தானே இருக்கிறது!

நிறைவாக...

நம்மைப் பார்த்து "என்ன, வெறும் டிப்ளமோவா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நடுவில் நிற்கிறோமே என்று நமக்கே சில சமயம் தோன்றும். ஏணியில் ஏறிப் பார்த்தவனுக்குத் தெரியும், மேல் படிக்குப் போகிற கால் நடுப்படியில் ஊன்றித்தான் போயாக வேண்டும். படைத்துறை மருத்துவப் பணியில் லெப்டினன்ட் ஜெனரல் கையெழுத்துப் போடுகிறார், சர்ஜன் கத்தியைப் பிடிக்கிறார். ஆனால் குண்டடி பட்டவனின் ரத்தத்தை முதலில் கையால் அடைத்துப் பிடிக்கிறவன் ஒரு நர்சிங் அசிஸ்டென்ட். அவன் பிடித்தால்தான் மற்ற எல்லோருக்கும் வேலையே இருக்கிறது.

எந்தப் படியில் நின்றாலும் அந்தப் படியை உறுதியாக வைத்திருப்போம், நண்பர்களே!

ஜெய்ஹிந்த்!